செஸ்நட் காடும் எங்கள் முந்திரித் தோப்பும்

வாசகரே, தீர்ப்பு வழங்க உங்களை நான் அழைக்கவில்லை. அது வழங்கப்பட்டுவிட்டது, நான் அதை ஏற்கவும் இல்லை. சாட்சியாக மட்டும் நில்லுங்கள்.

அமீரகத்து அஜ்மானில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பட்டிமன்றம். காடு செழிக்க மனிதன் விலக வேண்டுமா, பேண வேண்டுமா என்பது தலைப்பு. பேண வேண்டும் என்ற அணிக்கு நான் தலைவன். விலக வேண்டும் என்ற அணிக்கு என் அறைத்தோழன். நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரன், ஏசி டெக்னீஷியன். ஒரே அடுப்பில் சமைப்பவர்களை எதிரெதிரே நிறுத்துவது சங்கத்தின் வழக்கம். அறையில் பேசியதை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

பழ இறக்குமதி நிறுவனமொன்றில் தரம் பார்ப்பது என் வேலை. குளிர்காலத்தில் துருக்கி மலைகளிலிருந்து சுட்டுத் தின்னும் செஸ்நட் கொட்டை மூட்டைகள் வந்திறங்கும். அனுப்புகிறவர்களிடம் அந்தக் காடுகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். பிழைப்புத் தேடி ஊரார் நகரத்துக்குப் போனதும் புதர் மண்டியது, கோடையில் தீப்பிடித்தது, மரப்பட்டையில் நோய் பரவியது. சிலர் திரும்பிவந்து புதரை அகற்றி, நோய்க் கிளைகளை வெட்டி, தேன்பெட்டி வைத்தார்கள். கொட்டை விலைபோனது, காடும் பிழைத்தது.

பட்டிமன்றத்துக்கு முந்தின மாலை, நான் கொண்டுவந்திருந்த செஸ்நட்டை அறையில் சுட்டோம். பலாக்கொட்டை சுடும் பழக்கத்தில், தோழன் அவற்றைக் கீறாமலே தோசைக்கல்லில் கொட்டிவிட்டான். அடுப்படியெங்கும் படபடவென்று வெடித்தன.

"என்னலே இது, கோயில் கொடைக்கு வேட்டு போட்ட மாதிரி இருக்கு!"

"கத்தியால ஒரு கீறு போடணும்டா. ஆவி வெளிய போக வழி வேணும்ல?"

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் பண்ருட்டியிலிருந்து அண்ணன் அழைத்தார். கையெல்லாம் கரி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிளாட் போடறவன் திங்கக்கெழம வர்றான். நீ சரின்னு சொன்னா தோப்ப முடிச்சிடலாம். மரம் பூரா காஞ்ச கெள. வெட்ட ஆளு கெடைக்கல. நான் ஒருத்தன் எவ்ளோடா பாக்கறது?"

ஊரிலுள்ள முந்திரித் தோப்பு அண்ணனுக்கும் எனக்கும் பொது. என் சம்மதமின்றி விற்க முடியாது. நாளை சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் மேடையில் அந்தக் கீறலையே வாதமாக்கினேன். "வெட்டுவதெல்லாம் அழிப்பது அன்று, நடுவர் அவர்களே! கீறாத கொட்டை வெடிக்கிறது. கிளை கழித்துக் கவாத்து செய்யாத மரம் காற்றில் முறிகிறது. காட்டைப் பூட்டிவிட்டு, பசித்த ஊரை அதற்குக் காவல் போடாதீர்கள். காட்டால் உண்பவனே காட்டைக் காப்பான்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தோழன் எழுந்தான். வழக்கத்தை மீறினான். "உண்பவன் காப்பானாம்! இவர் வீட்டு முந்திரித் தோப்பு திங்கட்கிழமை பிளாட் ஆகப் போகிறது. உண்டு வளர்ந்தவர்தானே இவர்? அந்தக் காவல் எங்கே? அஜ்மானில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நான் தலை குனியவில்லை.

"தோப்பு இன்னும் விற்கப்படவில்லை," என்றேன். "அது ஏன் கெட்டது? மனிதன் விலகியதால். விலகிய மனிதன் நான். மரம் செழித்ததா? காய்ந்தது! எதிரணித் தலைவர் என் கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறார்; அவருக்கு நன்றி."

சிரிப்பு நின்றது. ஆனால் நடுவர், சொல்பவரே செய்யாத ஒன்றை ஊர் எப்படிச் செய்யும் என்று கேட்டு, விலகுவதே வழி என்று முடித்தார். என்னைத் தோற்கடிக்கலாம்; என் வாதத்தை அவர் தொடவே இல்லை.

வெளியே, கார் நிறுத்தத்தில் தோழன் ஓடிவந்தான். "கோவமா மக்கா? மேடை வேற, ரூம் வேற."

"ரூமைத் தூக்கி மேடையில வச்சது நீதானடா."

"சரி, தப்புதான். இப்ப அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போற?"

அவன் முன்னாலேயே அழைத்தேன். மீண்டும் ஸ்பீக்கரில்.

"என்னடா, சரியா?" என்றார் அண்ணன்.

"சரியில்லண்ணா. விக்கக் கூடாது."

"மைக்குல பேசற மாதிரி பேசாத. கவாத்து யாரு வெட்டுவா, ஒன் பட்டிமன்றமா?"

தோழன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சங்கத்தார் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"நான் வெட்டுவேன். இந்த வருஷ லீவு வேற எதுக்கும் இல்ல. முந்திரிக்கொட்ட பொறுக்கி முடிஞ்சதும் வந்து எறங்கறேன். காஞ்ச கெள ஒண்ணு விடாம என் கையால கவாத்து பண்ணுவேன். அதுவரைக்கும் பிளாட்காரன தோப்புக்குள்ள விடாதண்ணா. இது மேடைப் பேச்சு இல்ல, சத்தியம்."