கிழிந்த பக்கமும் தரம் ஒன்பதும்

கொட்டாஞ்சேனையில் ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதியில் உதவியாளராக இருக்கிறேன். சிறுவர் பகுதி ஊழியர்களுக்கு வெள்ளவத்தையில் பயிற்சிப் பட்டறை என்று சுற்றுநிருபம் வந்தபோது, அதைப் பசைப் போத்தல் வைக்கும் மேசை லாச்சியில் ஒளித்துவிட்டேன். விண்ணப்பத்தில் 'கல்வித் தகைமை' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் தரம் ஒன்பதோடு பள்ளியை விட்டவள்.

பசை எடுக்கப் போன பரீனா, என்னோடு வேலை செய்பவள், அதைக் கண்டுவிட்டாள்.

"என்னக்கா, உங்களுக்குப் பயமெண்டா எனக்கும் சேர்த்தா ஒளிக்கிற? உள்ளத எழுதுங்க, ரெண்டு பேரும் போறம்."

அவளுடைய வாய்ப்பையும் நான் மறைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

பட்டறையில் பெரும்பாலும் பட்டதாரிகள். "பிள்ளை புத்தகத்தக் கிழிச்சா என்ன செய்வீங்க?" என்று பயிற்சி தந்த மிஸ் கேட்டார். தண்டம், பெற்றோருக்குக் கடிதம் என்றார்கள். பரீனா என் விலாவில் இடித்தாள். எழுந்துவிட்டேன்.

"கிழிச்ச பிள்ளையையே பக்கத்தில இருத்தி ஒட்ட வைப்பன், மிஸ்."

சிலர் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளை திரும்பி வருமா?"

"ஒவ்வொரு நாளும் வரும், மிஸ். தான் ஒட்டினது கழண்டுட்டுதா எண்டு பாக்க."

மண்டபமே கைதட்டியது. பரீனா விசிலடித்தாள்!

அடுத்த பட்டறையில் இதையே கற்பிக்க என்னை வளவாளராக அழைத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்திலும் அதே கட்டம். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் 'தரம் ஒன்பது' என்று நானே எழுதினேன், கட்டம் நிறைய.