தம்பி திறக்காத வால்வு

சென்ற வாரம் இண்டூரிலிருந்து ஒரு போன். பேசியது மாதையன். அவரும் தம்பி பச்சியப்பனும் ஒரே கிணற்றைப் பங்கு போட்டுத் தக்காளி வைத்திருக்கிறார்கள். யார் முறைக்கு யார் செடிக்குச் சொட்டுநீர் என்று பார்த்து வால்வைத் திறக்கிற சின்ன கம்ப்யூட்டர் பெட்டியை, நானும் என் தொழில் கூட்டாளி ஷபானாவும்தான் மாட்டிக் கொடுத்திருந்தோம்.

இவர் முறையில் தம்பி வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதாம். இவர் செடி வாடுகிறதாம்.

"பெட்டியில அவன்தாங்க கை வெக்கறான். பைப்பை வெட்டி வுடப் போறேன்."

போனோம். எங்களைப் பார்த்ததும் பச்சியப்பன் பம்ப் ரூம் பக்கமிருந்து மெல்ல நகர்ந்தார். எனக்கும் சந்தேகம் தட்டியது... தப்பு செய்யாதவர் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? பெட்டியின் பூட்டைத் தடவிப் பார்த்தேன். சேற்றில் செருப்புத் தடம் தேடினேன்.

ஷபானா லேப்டாப்பைத் திறந்தாள். தண்ணீர் மாறிப் பாய்வது தினமும் இல்லை, சில நாள்தான் — எனக்கு அது தம்பியின் சாமர்த்தியமாகப் பட்டது. அவளோ, புதிதாக வால்வுகள் சேர்த்த பிறகுதானே இது ஆரம்பம் என்றாள்.

ப்ரோக்ராம் சி மொழியில் எழுதியது. வால்வுகளின் வரிசை அதில் ஒரு டைனமிக் அரே. தேவைப்படும்போது மெமரியில் இடம் கேட்டு வாங்கும். வால்வு கூடினால், ரீஅலாக் என்ற கட்டளை பெரிய இடம் தரும்.

"இருக்கற எடத்துலயே நீட்ட முடிஞ்சா சரி. முடியலன்னா எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திட்டு, பழைய எடத்த வுட்டுடும்," என்றாள் ஷபானா. "வால்வு திறக்கற பகுதிக்கு நாம புது முகவரிய சொல்லவே இல்ல. அது பழைய பாயிண்டரையே, அதாவது பழைய முகவரியையே புடிச்சிட்டு இருக்கு."

பழைய இடத்தில் பல நாள் பழைய தகவலே கலையாமல் கிடக்கும். எல்லாம் சரியாக ஓடுவது போலிருக்கும். என்றாவது வேறு ஏதாவது அங்கே வந்து உட்காரும். அதை வால்வு எண் என்று படித்தால்? தப்பான வயலுக்குத் தண்ணீர்!

அரே வளரும்போதெல்லாம் எல்லாப் பகுதிக்கும் புது முகவரி போகும்படி திருத்தினோம். ரீஅலாக் இடமில்லை என்று கைவிரித்தால் பழைய வரிசை தொலைந்துவிடக் கூடாதே — அதற்காக அது தரும் விடையை முதலில் ஒரு தற்காலிகப் பாயிண்டரில் வாங்கிச் சரிபார்க்கும்படி எழுதினோம். வால்வுகளைக் கூட்டிக் கூட்டி ஓட்டினோம். மாதையன் முறைக்கு மாதையன் செடிதான் நனைந்தது.

அவரே தம்பியைக் கூப்பிட்டு, தப்பு பெட்டியில்தான் என்றார்.

பச்சியப்பன் ஈரமான செடிகளைப் பார்த்தபடி நின்றார். "சரிண்ணா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.