காய்ச்சல்காரி பார்த்த பியோர்ட்

பேர்கனில் நாங்கள் போன வீடுகளிலெல்லாம் சோபா யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. யன்னலுக்கு வெளியே கடலும் மலையும். நாங்கள் பார்த்தது ரீவியை.

கடந்த ஜூன் மாதம் அம்மாவும் நானும் ரொறன்ரோவிலிருந்து பத்து நாள் பயணமாக நோர்வேக்குப் போனோம். அம்ஸ்ரடாமில் விமானம் மாறி, காத்திருப்போடு பதின்மூன்று மணி நேரம். சித்தி பேர்கனில் இருப்பதால் தங்கும் செலவு இல்லை. ஆனால் சொந்தக்காரர் இருக்கும் நாட்டுக்குப் போனால் நாட்டைப் பார்க்க முடியாது, வீடுகளைத்தான் பார்க்கலாம். ஒன்பது நாளில் பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சோறு, இறால், பிறகு "என்ன படிக்கிறீர்?" நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஸ்காபரோவில் ஒரு கேற்றரிங் சமையலறையில் ரோல்ஸ் சுற்றுகிறேன். அந்தச் சம்பளத்தில்தான் விமான ரிக்கெட் எடுத்தேன், பியோர்ட் பார்க்க. மலைகளுக்கு நடுவே ஆறு மாதிரி உள்ளே புகுந்து கிடக்கும் கடல் அது. அதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லத்தான் ஒன்பது நாளும் வாய் வரவில்லை.

மிஞ்சியது ஒரு நாள். அன்று மதியம் சித்திக்குப் பழக்கமான வசந்தி அன்ரி வீட்டில் சாப்பாடு. அதற்கு முதல் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன்.

"சித்தி, நான் நாளைக்கு வரேல்லை. படகில போறன்."

"விசரே உனக்கு? வசந்தி அக்கா உனக்கெண்டு நண்டு வாங்கிப்போட்டா."

"உந்தத் தண்ணியத்தானே யன்னலாலயும் பாக்கலாம்," என்றா அம்மா.

"யன்னலால பாத்தது காணும் அம்மா."

சித்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "சரி, போ. காய்ச்சல் எண்டு சொல்லிவிடுறன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போனை எடுத்துப் படகு ரிக்கெட்டைப் பதிந்தேன்.

சித்தி வீட்டிலிருந்து துறைமுகம் பத்துக் கிலோமீற்றர், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். படகு காலை பத்து மணிக்கு. மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு எண்ணூற்றைம்பது குரோன், எங்கள் காசில் நூற்றிப் பத்து டொலருக்கு மேல். முதல் நாளே போனில் பதிந்துவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஜூன் என்று நம்பி மெல்லிய ஜக்கெற் போடாதீர்கள், மேல்தளத்தில் குளிரில் பல்லுக் கிட்டும்.

ஒரு மணி நேரத்தில் மலைகள் நெருங்கி வந்தன. ஒடுக்கமான இடத்தில் படகின் வேகம் ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது. கரையில் ஒரு சிவப்பு வீட்டு வாசலில் காயப்போட்ட காலுறைகளை எண்ணலாம், அவ்வளவு கிட்ட. ஓர் அருவிக்குக் கீழே படகு நின்றது. ஊழியர் ஒருவர் வாளியில் தண்ணீர் பிடித்து எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றினார். வழமையாக நான் பின்னுக்கு நிற்பேன். அன்று முதலாவதாகக் கையை நீட்டினேன். பல் கூசியது. இரண்டாவது கிண்ணமும் கேட்டேன்.

ஒன்றரைக்குத் துறைமுகத்தில் இறங்கும்போது அம்மாவின் குரல்பதிவு வந்திருந்தது. "வசந்தி அக்கா உனக்கு மிளகு ரசம் வச்சுப் பிளாஸ்கில ஊத்திப்போட்டா. பிள்ளை தனியக் கிடக்குதாம், தானே கொண்டுவரப் போறாவாம். கெதியா வீட்ட போய்ப் படு!"

பியோர்ட்டுக்குப் போனதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த ரசத்தைப் போர்வைக்குள் கிடந்து குடிக்கத்தான் முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு பயணம் வாய்த்தால், போய் இறங்கிய அன்றே ஒரு நாளை உங்களுக்கென்று கேட்டு வையுங்கள். காரணத்தையும் நீங்களே சொல்லுங்கள்.

சித்தி வீட்டு பஸ்ஸை விட்டுவிட்டு வசந்தி அன்ரி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கதவைத் திறந்த அன்ரியின் கையில் பிளாஸ்க் இருந்தது. சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னேன்: "அன்ரி, எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் பியோர்ட் பாக்கப் போனனான்."