பழுப்பு என்று எழுதினேன்

யுத்தத்தின்போது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை முழுக்க ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். சாந்தோமிலிருந்து நான் நடந்துபோய்ப் படித்த பெண்கள் கல்லூரியிலும் அப்படித்தான். அந்த வருஷம்தான் எனக்கு, பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் வகுப்பின் தாவரவியல் செய்முறைப் பரீட்சை.

கேள்வி சுலபமானது. இலை வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்து மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது என்று காட்ட வேண்டும். தொட்டிச் செம்பருத்தியின் இலை ஒன்றை, நடுவில் கறுப்புக் காகிதப் பட்டை சுற்றிக் கொடுத்தார்கள். பட்டையை எடுத்துவிட்டு, இலையைச் சூடான ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை நீக்கி, அயோடின் விட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் கருநீலமாகும், மூடியிருந்த இடம் ஆகாது.

என் இலை முழுவதும் பழுப்பாகவே இருந்தது.

இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். பழுப்புதான். அக்கம்பக்கத்து மேஜைகளிலும் அதே பழுப்பு. ஆனால் எல்லோரும் நோட்டில் கருநீலம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் கொண்டுவந்த லேப் சிப்பந்தி என் இலையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"நாலு நாளா செடி உள்ளயே தாம்மா கீது. வெளில வச்சா மாடு மேஞ்சிக்கினு போவுது. ஜன்னல்ல கறுப்புக் காயிதம், வெளிச்சம் எங்கேர்ந்து வரும்? நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா."

புரிந்துவிட்டது. நான்கு நாள் இருட்டில் இருந்த செடி, சேர்த்து வைத்ததையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. லேப் வாசலை ஒட்டிய கிணற்றடியில் வெயிலில் நின்ற செம்பருத்தியிலிருந்து ஓர் இலை கிள்ளி வந்து அதையும் ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை நீக்கி அயோடின் விட்டேன். நொடியில் மை கொட்டியதுபோல் கறுத்தது. இரண்டையும் அருகருகே வைத்து, கண்டதை அப்படியே எழுதினேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் என் நோட்டை எடுத்துப் படித்தார்.

"என்னம்மா இது? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"கருநீலம்னு போட்டிருக்கு சார். இந்த இலை ஆகலை. செடி இருட்டுல இருந்திருக்கு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை சார். ஜன்னலைப் பாருங்க."

அவர் முகம் சிவந்தது. "நான் கொடுத்த இலையைப் பத்தி மட்டும் எழுது. கருநீலம்னு ஒரு வார்த்தை. அடிச்சுட்டு எழுதிடு, மார்க் போடறேன்."

"நீங்க கொடுத்த இலை பழுப்பு சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவர் என் நோட்டில் நான் எழுதியதன் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று இழுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

வீட்டில் அப்பா கத்தித் தீர்த்தார். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். "பெரியவங்ககிட்ட வாதாடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுது."

"எதுக்குப்பா மன்னிப்பு? பொய் எழுதாததுக்கா?"

அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்து, இலையில் எங்கே மாவு இருக்கிறது என்று கேட்டாள். பாடம் முழுவதையும் சொன்னேன். வேர் தண்ணீரையும் உப்புச்சத்தையும் மட்டும்தான் கொண்டுவரும், இலை வெளிச்சத்தில்தான் சாப்பாடு செய்யும் என்றேன்.

"அப்போ அந்தச் செடி நாலு நாளா பட்டினி கிடந்திருக்கு. அதைத்தானே நீ எழுதினே?" என்ற அம்மா, அப்பா பக்கம் திரும்பினாள். "இதுல எது தப்புன்னு எனக்குச் சொல்லுங்க."

அந்த மன்னிப்புக் கடிதம் எழுதப்படவே இல்லை.

செய்முறையில் மார்க் குறைந்து, முதல் வகுப்பு போயிற்று. அதோடு பி.எஸ்ஸி. தாவரவியல் இடமும் போயிற்று. ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கலாமே என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இன்று அதே இலையைக் கொடுத்தாலும் பழுப்பு என்றுதான் எழுதுவேன்.