டூர் இல்லாத நாட்களில் அருள்தாஸ் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை ராயபுரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ரெஜினா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த எண்ணிலிருந்து பெரும்பாலும் அவர் கணவர் அருள்தாஸ் அண்ணன்தான் பேசுவார். அவருடைய போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. "சொல்லுங்கண்ணா" என்றேன். பேசியது அக்கா.

"சுமதி, அண்ணன் போய்ட்டாரும்மா. காலைல வாசிச்சிகினுதான் இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு குந்துனாரு, அவ்ளோதான். ட்ரம்பெட்டு கட்டில் மேலயே கீது. யாரும் தொடல."

கீரைக்காரம்மா கட்டை நீட்டியபடி நின்றார். நான் அதை வாங்கினேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை.

அவரை மேடையில் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் மெல்லிசைக் குழுவில் பின்வரிசை, இடது ஓரம், முதல் ட்ரம்பெட். கோலாலம்பூரிலும் துபாயிலும் டொரண்டோவிலும் அவருக்குக் கைதட்டியவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. போஸ்டரில் பாடகர்களின் படம்தான் இருக்கும். பதினான்கு வருடம் அவருக்கு முன்வரிசையில் கீபோர்டு வாசித்தவள் நான். அவருடைய வாசிப்பைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். டூர் இல்லாத மாதங்களில், திருவொற்றியூரில் அந்த இரண்டாவது மாடி வீட்டில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை நான் சொல்கிறேன்.

முதல்முறை அங்கே போனது ஒரு பாட்டுக்கு நோட்ஸ் வாங்குவதற்காக. இரண்டு நாளுக்கு முன்னால் துபாய் மேடையில் கோட்டு போட்டு நின்றவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணி லாரி வரிசையில் நின்றார். காலடியில் ஆறு குடங்கள். இரண்டுதான் அவர் வீட்டுடையவை. மற்றவை அந்த மாடியில் இருந்த வயதானவர்களுக்கும் வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடைல எனக்கு லைட்டு போட நாலு பேரு கீறான். வூட்ல ட்யூப்லைட்டு போனா நான்தான் ஸ்டூல் மேல ஏறணும். ரெண்டும் நம்ம வேலதாம்மா."

வீட்டுக்குள் போனதும் சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு வேலுவின் ஷிஃப்ட் அட்டவணை. வேலு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் வாரங்களில் அண்ணன் ட்ரம்பெட்டின் வாயில் துண்டைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வார். பகல் ஷிஃப்ட் வாரங்களிலும் யாராவது படிக்கிறார்கள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்று துண்டை வெளியே எடுக்கவே மாட்டார். "ராத்திரி பூரா கிரேன்ல குந்திகினு கீற மனுஷன். அவரு தூக்கத்த கெடுத்துட்டு நான் இன்னா பெருசா வாசிக்கப்போறேன்?" என்றார். உலகம் முழுக்கக் கேட்ட அந்த ட்ரம்பெட்டை அந்தத் தெரு அதுவரை ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பா டூர் ஒன்று முடிவாகியிருந்தது. நிகழ்ச்சியின் தொடக்கமே அவர்தான். விளக்கெல்லாம் அணைந்திருக்க, தனி ட்ரம்பெட் மட்டும் ஒரு நிமிடம். புறப்படப் பத்து நாள் இருந்தபோது அவர் ஒத்திகைக்கு வந்தார். மேலுதடு வீங்கி, தையல் போட்டிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. வேலு வாங்கிய இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது தன் கால் வழுக்கி, பீரோவின் மூலை வாயில் இடித்துவிட்டது என்றார்.

ட்ரம்பெட் வாசிப்பவருக்கு முன்பல் என்பது வீட்டுக்கு அடித்தளம் மாதிரி. மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தும்போது உள்ளிருந்து தாங்குவது பல்தான். எங்கள் குழுத் தலைவர் விசாவெல்லாம் எடுத்து முடித்திருந்தார். "சின்னதா சமாளிச்சிடு தாஸு, சோலோவ மட்டும் ரெக்கார்டு போட்டு விட்டுக்கலாம். நீ வாயில வச்சிகினு நின்னா போதும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய கவலை அவருக்கு.

அண்ணன் நாங்கள் இருபது பேரும் கேட்கும்படி சொன்னார். "என் வாய் இப்ப வேலைக்கு ஆவாது சார். எப்ப ஆவும்னும் தெரியாது. வாசிக்காம வாசிக்கிற மாதிரி நிக்க என்னால முடியாது. வேற ஆள பாருங்க." பிறகு தன் நோட்ஸ் கட்டை எடுத்து, எந்த இடத்தில் மூச்சு வாங்கவேண்டும் என்று அன்று மாலை வரைக்கும் உட்கார்ந்து பென்சிலால் குறித்து, வரப்போகிற ஆளுக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் அவரில்லாமல் விமானம் ஏறினோம். அந்த ஒரு நிமிடத்தை இன்னொருவர் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். எனக்குத்தான் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

திரும்பி வந்ததும் அவரைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மா கடற்கரைப் பக்கம் கை காட்டினார். அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிவைத்திருக்கும் பாறைகளின் மேல் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, அண்ணன் ஒரே ஒரு சுரத்தை ஊதிக்கொண்டிருந்தார். புதுப்பல் கட்டியிருந்தது. சுரம் பாதியில் நடுங்கிக் காற்றாகப் போயிற்று. மறுபடி ஊதினார். மறுபடி போயிற்று. ஐம்பத்தொரு வயதில், முப்பது வருடம் வாசித்தவர், முதல் நாள் பாடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தினமும் காலையில் மணலி புதுநகரில் பள்ளி அலுவலக வேலைக்குப் போகும் ரெஜினா அக்காவுக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு இங்கே வந்துவிடுவாராம். பக்கத்துப் பாறையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கத்தில் சொருகும் கண்ணோடு வேலு உட்கார்ந்திருந்தார். கையில் டீ பிளாஸ்க், இன்னொரு கையில் போன். சுரம் எத்தனை நேரம் நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு செகண்டுண்ணா. நேத்து ஒம்போதுதான்" என்றார் வேலு.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "இன்னாண்ணா, டெய்லி வந்து கப்பல கூப்டறியே, வந்துச்சா?"

"கூப்டுகினுதான் கீறேன், வரமாட்டேங்குதும்மா" என்றார் அண்ணன். அவள் சிரித்தாள். அவரும் புதுப்பல் தெரியச் சிரித்தார்.

என்னிடம் திரும்பி, "பழைய வாய மறந்துடணும் சுமதி. அத நெனச்சிகினு ஊதுனா ஒண்ணும் வராது. இந்த வாய்க்கு நான் புது ஆளு, அவ்ளோதான்" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். இருந்தது. ஆனால் அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்த மூச்சை இழுத்துவிட்டார்.

இது பத்து மாதம் நடந்தது. வேலு இரவு ஷிஃப்ட் இருந்த வாரங்களில் ஒருநாளும் தவறாமல் வந்து உட்கார்ந்தாராம். நல்ல நண்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குழுவுக்குத் திரும்பினார். தலைவர் அவரை மூன்றாம் ட்ரம்பெட்டில் உட்காரவைத்தார். முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். அந்த வருடமே வேலுவின் மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் எங்கள் குழுதான் வாசித்தது. கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கும் மண்டபத்துக்கும் அலைந்துகொண்டிருந்த மாலை நேரம். அண்ணன் எழுந்து மேடையின் முன்பக்கம் வந்தார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் வாசிக்காமல் போன அந்த ஒரு நிமிடத்தை வாசித்தார்.

சத்தம் அடங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு வாசலில் வந்து நின்றார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் துண்டு செருகிய முனகலாக மட்டுமே அவரைக் கேட்டிருந்த அந்தத் தெரு, அன்றைக்குத்தான் தன் மனிதரை முழுசாகக் கேட்டது. வாசித்து முடித்தார். முன்வரிசையில் இருந்த கீழ்வீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இது நம்ம தாஸா வாசிக்கிறது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்புறம் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த டூருக்கு உன் சீட்டுல உக்காரு" என்றார். கடைசி வரை அந்த முதல் ட்ரம்பெட் இருக்கையில் அவர்தான் இருந்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தோம். வேலு சுவரோரமாக நின்றிருந்தார். திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"யக்கா, அன்னிக்கு அண்ணன் வழுக்கல. நைட் ஷிஃப்ட் முடிச்சி தூங்காம வந்து பீரோவ தூக்குனேன். மேல நான், கீழ அவரு. என் கைதான் வுட்டுச்சி. அத்தாம் பெரிய கன்டெய்னர இன்ச்சு பிசகாம வைக்கிற கை இது. ஆஸ்பத்திரி போற வழியில ரத்தத்தோட சொன்னாரு, ‘கால் வழுக்குச்சின்னு சொல்லிக்கலாம், நீ வாயத் தொறக்காத’ன்னு. ஆறு வருஷமா ஒரு தபா கூட அத்தப் பத்திப் பேசல."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இருவது வருஷமா தண்ணிக் கொடத்தோட ஏறுன படில அவரு வழுக்குனதே இல்ல வேலு. எனக்கு அன்னிக்கே தெரியும். அவரே சொல்லல, நான் எதுக்குக் கேக்கணும்? குந்து. சாப்ட்டியா?"

வேலு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

தன் வாயில் இருந்த குறையை இருபது பேர் முன்னால் சொன்னவர், இன்னொருவர் கையில் நேர்ந்த தவறைச் சொந்த மனைவியிடமும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை. அவர் வாசித்த வரிசைக்கு முன்வரிசையில் நானும் வாசித்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் ஒத்திகையில் ஒரு பாட்டு நடுவில் தடுமாறி நின்றது. தலைவர் நிமிர்ந்து, "யாரு அது?" என்று கேட்டார். யார் என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த வயலின்காரப் பெண். அப்போது அவள் குழுவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் திரும்பி அவளைப் பார்த்திருப்பேன். தலைவருக்கு அந்தப் பார்வையே போதும், யாரென்று தெரிந்துவிடும். அன்றைக்கு நோட்ஸ் தாளைப் பாட்டின் தொடக்கத்துக்குப் புரட்டினேன்.

"முதல்லேர்ந்து எடுக்கலாம் சார்" என்றேன்.