தெரசம்மாள் கழற்றி வைக்கும் ரிலே

வண்டியை நிறுத்தியதும் தெரசம்மாள் இறங்குவதில்லை, குனிகிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. அதைத் திறந்து, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு கட்டையைப் பிடுங்கிச் சுருக்குப்பையில் போட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கதவைத் திறப்பார். டீ குடிக்க ஐந்து நிமிடம் நின்றாலும் இதேதான். ஒருமுறை பூம்பாறைக்கு அருகில் ரோட்டில் படுத்திருந்த எருமையை விரட்ட இறங்கியபோதும் இதைச் செய்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு யாரும் இல்லை.

"எருமைக்குப் பின்னாடி எவன் நிக்கிறான்னு யாருக்குத் தெரியும் டீச்சர்?" என்றார் என்னிடம்.

அந்தக் கட்டைக்கு ரிலே என்று பெயர். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்புக்கு அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அதை எடுத்துவிட்டால், சாவியே கையில் இருந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஜெயமுருகன்தான் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர். "சாவியத் திருகினா சின்ன கரண்ட் வந்து இத எழுப்பும். இது எந்திரிச்சு பெரிய கரண்ட பம்புக்குத் தொறந்துவிடும். அம்புட்டுத்தான்" என்று சொன்னாராம். தெரசம்மாள் அதை வேதபாடம் போல ஒப்பிப்பார்.

கொடைக்கானலில் இருந்து கூக்காலுக்குத் தினமும் போய்வரும் ஏழு பேர் வேன் அது. கூக்கால் பள்ளியில் வேலை பார்க்கும் நான் மூன்று வருடமாக அதில் போகிறேன். தெரசம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. முன்பு மிஷன் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. அதை விட்டுவிட்டு வந்ததும் வேன் வாங்கி, முருகவேல் என்பவரை டிரைவராக வைத்தார். ஒரு திங்கட்கிழமை பின்சீட்டுக்கு அடியில் கூட்டியபோது, மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குழந்தையின் சாக்ஸ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் முருகவேல் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறார். அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டு, ஐம்பது வயதில் தெரசம்மாள் டிரைவிங் பழகினார்.

அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை. பெட்ரோல் போடும்போது பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலில் காட்டி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். மாதா கோவில் வாசலில் ஒரு செருப்பைக் கிழக்குப் பக்கமும் இன்னொன்றை மேற்குப் பக்கமும் விடுவார். திருடுகிறவன் ஜோடியாகத்தானே எடுப்பான். ஜெபத்தின்போது கண்ணை மூடுவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக வேன் தெரியும்.

வண்டியைக் கிளப்பும்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சாவியைப் பாதி திருகியதும் பின்சீட்டுக்கு அடியில் இருந்து 'ஊய்ங்' என்று இரண்டு நொடி ஒரு சத்தம் வரும். பம்ப் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் சத்தம். அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் மீதியைத் திருகுவார்.

போன மாசி மாதம் அந்தச் சத்தம் மாறியது. ஈனசுரத்தில் முனகியது. மேட்டில் ஏறும்போது வண்டி இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். தெரசம்மாள் முதலில் பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டு வேறு பங்குக்கு மாறினார். பிறகு வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில் பம்பையே புதிதாக மாற்றினார். அப்படியும் வண்டி நின்றது. பம்ப் போலி என்றார். ஜெயமுருகனிடம் காட்டலாமே என்றேன்.

"எத எடுத்தா வண்டி நிக்கும்னு அவனுக்கும் தெரியுமில்ல?" என்று திருப்பிக் கேட்டார்.

கடைசியில் சந்தேகம் முருகவேலிடம் வந்து நின்றது. அவர் இப்போது கூக்கால் ஏரிக்கரையில் இருந்து காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். தெரசம்மாள் கதவின் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டி வைத்தார். ஒருநாள் மத்தியானம் நூல் அறுந்து கிடந்தது. அந்த ஏரிக்கரையில் நாற்பது ஆடு மேய்கிறது; எது வேண்டுமானாலும் உரசியிருக்கலாம். ஆனால் அவர் நேராக டீக்கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னால் முருகவேலின் முகத்துக்கு நேரே நூலை ஆட்டினார்.

"எங்கிட்ட தின்ன சோறு செமிக்கலையாலே ஒனக்கு? என் வண்டிய நிப்பாட்டித்தான் ஒன் வண்டி ஓடணுமா?"

முருகவேல் டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, ஒரு சாக்ஸுக்கு எத்தன வருசந்தான் பேசுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நானும் முருகவேலின் விரல்களைப் பார்த்தேன். நகத்தில் கிரீஸ் இருந்தது. டிரைவர் கையில் கிரீஸ் இல்லாமல் என்ன இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பள்ளி அரை நாள். பன்னிரண்டு மணிக்கு வேன் கிளம்பும் நேரத்தில், பூண்டுக் காட்டில் இருந்து, அங்கே கூலி வேலைக்குப் போகும் பொன்னுத்தாயைத் தூக்கி வந்தார்கள். காலையில் இருந்து மூக்கைக்கூட மூடாமல் பூச்சிமருந்து அடித்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில் வழிந்தது. கிராம நர்ஸ் பொன்னுத்தாயின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கிறாங்க. இதுலயே வெரசா கொண்டு போங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றார். மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். நடு சீட்டில் பொன்னுத்தாயைப் படுக்க வைத்து, அவருடைய கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார். கால் பக்கம் நான்.

தெரசம்மாள் ரிலேயை மாட்டினார். தலையைச் சாய்த்தார். 'ஊய்ங்' வந்தது. அன்றைக்கு அவர் ஓட்டியதுபோல் ஒருநாளும் ஓட்டியதில்லை. வளைவில் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பூம்பாறைக்கு முன்னால் ஒரு நீண்ட மேடு வரும். அதில் பாதி ஏறியபோது வண்டி ஒருமுறை குலுங்கி, செத்துப்போனது.

சாவியைத் திருகினார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மூடியைத் திறந்து ரிலேயைப் பிடுங்கியவர் கையை உதறினார், அவ்வளவு சூடு. ஊதி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டினார். அரை நொடி முனகிவிட்டு அடங்கியது. "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே நாலு தடவை கழற்றி மாட்டினார். பொன்னுத்தாயின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. போனில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் பின்னால் முருகவேலின் பிக்கப் கேரட் மூட்டைகளோடு வந்து நின்றது. அவர் இறங்கி ஓடி வந்தார். தெரசம்மாள் வேன் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"கிட்ட வராத! நேத்து சாயந்தரமும் என் வண்டிய ஒட்டித்தான நின்ன? பண்றதயும் பண்ணிட்டு, பின்னாடியே வந்து நிக்கிறியா?"

"என்னைய அப்புறம் வைங்கக்கா. மொதல்ல அந்த அம்மாவ ஏத்துங்க."

"ஒன் வண்டில ஏத்தி எங்க கொண்டு போவ?"

"ஆஸ்பத்திரிக்குத்தாங்க. வேற எங்க?"

தெரசம்மாள் நகரவில்லை. ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா, சொல்லத் தெரியவில்லை. வேனுக்குள் இருந்து பொன்னுத்தாயின் கணவர் இரண்டு கையையும் கூப்பி, "தாயி, வழி விடுங்க தாயி" என்று அழுத பிறகுதான் விலகினார். அதற்குள் முருகவேல் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கித் தள்ளி இடம் பண்ணியிருந்தார். நாங்கள் பொன்னுத்தாயைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். தெரசம்மாளையும் ஏறச் சொன்னேன்.

"வண்டிய யார்கிட்ட விட்டுட்டு வர?" என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். மூன்று மணிக்குப் பொன்னுத்தாய் கண் திறந்து கணவரைப் பார்த்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார். நான் வெளியே வந்தபோது முருகவேல் பிக்கப்பில் காத்திருந்தார். பக்கத்து சீட்டில் ஜெயமுருகன், மடியில் மீட்டரும் டூல் பையும். "அக்கா அங்கன தனியா கெடக்கும். வாங்க டீச்சர்" என்றார் முருகவேல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. மூடுபனியும் தூறலும். தெரசம்மாள் வேனுக்கு வெளியே நனைந்து நின்றார். கேரட் மூட்டைகள் மேல் வேனின் தார்ப்பாய் மூடியிருந்தது. முருகவேலைப் பார்க்காமல், "பன்னெண்டு மூட்டை. எண்ணிப் பாத்துக்கோ. அப்புறம் கொறையுதுன்னு எம்மேல சொல்லக் கூடாது" என்றார்.

ஜெயமுருகன் பின்சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் வயரின் பிளக்கைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்தார். சாவியைத் திருகச் சொன்னார். "பன்னெண்டு வோல்ட் காட்டுதா? இத மட்டும் பாத்தா கரண்ட் நல்லா வருதுன்னு நெனைப்போம். பம்பக் குத்தம் சொல்லி மாத்துவோம்." பிளக்கை மாட்டி, வண்டியைக் கிளப்பச் சொல்லி, பம்ப் ஓடும்போதே மறுபடி அளந்தார். ஏழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாக இறங்கியது. முனகல் நின்றது. "பம்ப் இழுக்கையில கரண்ட் வந்து சேரல. நடுவுல எங்கயோ தடுக்குது."

அங்கிருந்து வயரைத் தொடர்ந்து முன்னால் வந்து, கறுப்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். ரிலேயின் கால்கள் உட்காரும் துளைகளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. தெரசம்மாள் குனிந்து பார்த்தார்.

"எவனோ சூடு வச்சிருக்கான்." அவர் கண் முருகவேலிடம் போனது. முருகவேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஜெயமுருகன் டார்ச்சை அவரிடமே கொடுத்தார். "நீங்களே பாருங்க. உள்ள ஒரு பித்தளைக் கவ்வி இருக்கா? ரிலே கால இறுக்கிப் பிடிக்கணும் அது. புதுசுல பல்லக் கடிச்சுக்கிட்டுப் பிடுங்கணும்." ரிலேயைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளினார். விரலை எடுத்ததும் அது தானாகவே சாய்ந்து வெளியே விழுந்தது. "வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. இந்த இடைவெளில கரண்ட் போனா சூடாகும். சூடாக ஆக இன்னும் தளரும். ஆறுனா கொஞ்ச நேரம் ஓடும். ஒரு நாளைக்கு எத்தன தடவ கழட்டுறீங்க?"

எட்டில் இருந்து பத்து என்று எனக்குத் தெரியும். ஆறு வருடம்.

"நீதான சொன்ன?" என்றார் தெரசம்மாள்.

"ஊருக்குப் போறப்ப கழட்டி வைங்கன்னு சொன்னேன் தாயே. டீ குடிக்கப் போறப்பவா சொன்னேன்?"

ஜெயமுருகன் பழைய கவ்விகளை வெட்டி எடுத்துப் புதிய சாக்கெட்டைப் பொருத்தினார். பம்ப் ஓடும்போது மீட்டர் பன்னிரண்டை ஒட்டி நின்றது. தெரசம்மாள் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை. மூன்று தடவையும் மீட்டரில் தெரிந்த எண்ணை அவரே உதட்டை அசைத்துப் படித்தார்.

பிறகு என்னிடம், "அவ கண்ணு முழிச்சிட்டாளா டீச்சர்?" என்று கேட்டார்.

சொன்னேன். டாக்டர் சொன்ன அரை மணியையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரக் குளிரில் விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. சாவியை எடுக்கப் போய் அது கீழே விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது.

"இந்தக் கைய வச்சு இந்த மலை ரோட்டுல ஓட்ட முடியாதுக்கா" என்றார் ஜெயமுருகன். "நான் பிக்கப்ப எடுத்துட்டு வாரேன். முருகவேல் இத ஓட்டட்டும்."

முருகவேல் கடைசி மூட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தெரசம்மாள் எழுந்து போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். தூறல் தெறித்து சீட் ஈரமாக இருந்தது. முந்தானையைப் பிழிந்துவிட்டு, அந்த சீட்டை மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தார். பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பின்பக்கமாகப் போய் ஏறிக்கொண்டார்.