லிஃப்ட்காரர் எஞ்சின் பார்த்த கதை

ஊரிலிருந்த உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளை எல்லாம் சோதித்து, 'பயமில்லாமல் ஏறலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை அவருடைய வேலை. அந்தக் கையெழுத்தை நம்பி ஊரே ஏறியது. அவர் மட்டும் படியில் போனார். கேட்டால், "எந்தச் சமையல்காரன் தான் சமைச்சத தானே சாப்பிடுறான்?" என்பார். எல்லாச் சமையல்காரர்களும் சாப்பிடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னால், "அதான் எல்லாரும் அப்படி இருக்காங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவுக்கு அவர் லிஃப்ட்காரர்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஓய்வு பெற்றதும் படகு வாங்கும் ஆசை வந்தது. நீச்சல் தெரியாது. "நீச்சல் தெரிஞ்சவன் எதுக்குப் படகு வாங்கணும்?" என்பது அவர் கட்சி. இதற்குப் பதில் சொல்ல முயன்றவர்கள் பாதியிலேயே குழம்பி எழுந்து போனார்கள்.

பெரிய கப்பலுக்கெல்லாம் ஆசைப்படவில்லை. இரண்டு பேர் படுக்க இடம், ஒற்றை அடுப்பு, முழங்கால் இடிக்கும் ஒரு கழிப்பறை. பழைய படகானாலும் சரி. காற்று சாதுவாக இருக்கும் மாதங்களில் கரையை ஒட்டியே துறை துறையாகப் போக வேண்டும், நினைத்த இடத்தில் கட்டிப்போட்டுத் தூங்க வேண்டும். கூட மனைவி வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல்.

மனைவி வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ஜன்னல் திரைகள் தைத்துக்கொடுப்பவர். அவருக்கு இருந்த மூக்கு நாலு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் போன்ற மூக்கு. மாடி வீட்டில் பால் அடிப்பிடிக்கப் போகிறது என்பதை அந்த வீட்டுக்காரிக்கு முன்பே கீழிருந்து கத்திச் சொல்லிவிடுவார். அதே மூக்கால் பஸ்ஸில் மட்டும் போக முடியாது. டீசல் புகை லேசாக வந்தாலே போதும், மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் கைப்பையில் பிளாஸ்டிக் பை தேடுவார்.

"வரமாட்டேன்னு சொல்லல," என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "ஒரே ஒரு தடவ ஏறிப் பாப்பேன். வயித்தப் புரட்டுச்சுன்னா அத்தோட சரி. நீங்க கடல்ல மிதங்க, நான் வீட்டுல தச்சுக்கிட்டு இருக்கேன்."

லிஃப்ட்காரர் ஆடிப்போய்விட்டார். கண்ணுக்கு எதிரே இருக்கும் சர்க்கரை டப்பாவை 'எங்கே' என்று கேட்டே வாழ்ந்து பழகியவர். மனைவி இல்லாமல் போனால், நடுக்கடலில் யாரைக் கேட்பது? தனியாகப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். ஆக, அவர் வாங்கப்போவது வெறும் படகு அல்ல. எஞ்சின் தப்பானதாக அமைந்தால் மனைவி இல்லை, மனைவி இல்லையென்றால் கடலே இல்லை.

படகுத்துறையில் தரகர் இரண்டு படகுகளைக் காட்டினார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு, அருகருகே கட்டியிருந்தன. ஒன்றுக்குப் பெட்ரோல் எஞ்சின், மற்றதற்கு டீசல். தரகர் யாரைப் பற்றியும், எதைப் பற்றியும் கெட்ட வார்த்தை சொல்லாத நல்ல மனிதர். அதனால் அவரிடம் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

"பெட்ரோல் பூ மாதிரி சார். ஓடுறதே தெரியாது. கார் எஞ்சினத்தான் கடலுக்குத் தோதா மாத்தியிருக்காங்க. விலையும் கம்மி, ரிப்பேர் பண்ண ஆளும் கிடைப்பான்."

"அப்போ டீசல் வேணாங்கிறீங்க."

"யாரு சார் சொன்னா? டீசல் யானை. வருஷக்கணக்கா உழைக்கும். குடிக்கிறதும் கம்மி. ப்ளக் கிடையாது, தீப்பொறி கிடையாது."

"அப்போ பெட்ரோல் வேணாம்."

"யாரு சார் சொன்னா?"

லிஃப்ட்காரர் பெட்ரோல் படகின் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஓரமாக ஒரு சின்ன விசிறி இருந்தது. "இது எதுக்கு? எஞ்சினுக்குப் புழுக்கமா?"

"இல்ல சார். பெட்ரோல் ஆவி காத்த விட கனம். கசிஞ்சா மேல போகாது, படகோட அடிவயித்துல போய் உக்காந்துக்கும். அதனால சாவி திருகுறதுக்கு முன்னாடி இந்த விசிறிய கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஆவிய வெளிய தள்ளணும். அப்புறம் மூடியத் திறந்து மோந்து பாக்கணும். வாசன இல்லன்னா ஸ்டார்ட் பண்ணலாம்."

"வாசன இருந்தா?"

"பண்ணக்கூடாது."

"மறந்துபோய் பண்ணிட்டா?"

தரகர் வானத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரரும் கூடவே பார்த்தார். அங்கே ஒரு மேகம் மட்டும் இருந்தது.

அவருக்கு மூக்கு என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அதன் வேலை கண்ணாடியைத் தாங்குவதோடு முடிந்துவிடும். லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறுகளின் கிரீஸிலும் தூசியிலும் அதன் மற்ற திறமைகள் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. மோந்து பார்த்து உயிர் பிழைக்க வேண்டிய படகு தனக்குச் சரிப்படாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. சரிப்படும் படகில் மனைவி ஏற மாட்டார் என்பதும் தெரிந்துவிட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் மைத்துனன் தீர்ப்புச் சொன்னான். மனைவியின் தம்பி, நகரப் பஸ் ஓட்டுபவன். டீசல் என்றால் அவனுக்குத் தாய்ப்பால் மாதிரி.

"கண்ண மூடிக்கிட்டு டீசல வாங்குங்க மாமா. டீசல்ல தீக்குச்சியப் போட்டாக்கூட அணைஞ்சிரும்."

"உன் பஸ்ல ஏறினா உங்கக்கா பைய தேடுறாளேடா."

"அது அக்காவோட வயிறு சரியில்ல. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"வண்டியே வாந்தி எடுத்தாலும் இவன் எஞ்சின் நல்லாத்தான் இருக்கும்," என்றார் மனைவி. "பிரேக்க மிதிக்கிறியா, இல்ல பாம்ப மிதிக்கிறியாடா நீ?"

லிஃப்ட்காரர் படுத்துப் புரண்டு யோசித்தார். பெட்ரோல், சிரித்துப் பேசி, செலவில்லாமல் வந்து சேர்ந்து, கோபம் வந்தால் வீட்டையே கொளுத்திவிடும் மாப்பிள்ளை. டீசல், குறட்டையும் வியர்வையுமாக இருந்தாலும் ஒழுங்காக வேலைக்குப் போகும் மாப்பிள்ளை. அவனையும் சும்மா உட்கார வைத்தால் கெட்டுப்போவான் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். மகள் இல்லாதவருக்கு இந்த வயதில் இப்படி ஒரு சம்பந்த விசாரம்.

கடைசியில் தொழில் புத்தி கை கொடுத்தது. லிஃப்ட் உலகத்தில் ஒரு ரகசியம் உண்டு. லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று ஜனங்கள் கூச்சல் போட்டால், யாரும் மோட்டாரை மாற்றுவதில்லை. சுவரில் ஒரு கண்ணாடி மாட்டிவிடுவார்கள். ஏறியவர்கள் தலையைச் சீவுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள், அதற்குள் மாடி வந்துவிடும். கூச்சல் நின்றுவிடும். கோளாறு இயந்திரத்தில் இருந்தாலும் வைத்தியம் பயணிக்குத்தான்.

டீசலே வாங்குவது, மனைவிக்கு வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

சோதனை நாளுக்கு முன்பே போய், தரகரின் அனுமதியோடு டீசல் படகின் அறைக்குள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். காரில் தொங்கவிடும் எலுமிச்சை வாசனை அட்டைகளைக் கடையில் இருந்த மட்டும் வாங்கி, கூரையெங்கும் தோரணமாகக் கட்டினார். லிஃப்டுகளில் ஒலிக்குமே, ஆரம்பமும் இல்லாமல் முடிவும் இல்லாமல் ஒரு இசை, அதையும் ஓட விட்டார். தன் மூக்குக்கு எதுவும் எட்டாததால் எல்லாம் பிரமாதமாக இருப்பதாகவே பட்டது.

மனைவி வந்தார். தம்பியும் கூட வந்தான். உள்ளே காலை வைத்ததுமே அவருடைய மூக்கு நுனி சிவந்தது.

"என்னங்க இது? எலுமிச்சம்பழ லாரி எதாச்சும் கவுந்துருச்சா?"

"நல்லா இருக்குல்ல?"

"எலுமிச்ச நல்லாத்தான் இருக்கு. அதுக்கு அடியில டீசல் இருக்கு. ரெண்டும் கட்டிப்பிடிச்சு சண்ட போடுது."

"நீ கண்ணாடியப் பாரு," என்றார் லிஃப்ட்காரர் அவசரமாக.

மனைவி பார்த்தார். பக்கத்தில் ஏதோ படகு போயிருக்க வேண்டும், இவர்கள் படகு லேசாக ஆடியது. கண்ணாடிக்குள் இருந்த அறை எதிர்ப்பக்கமாக ஆடியது. நடுவில் ஒரு முகம் பச்சையாக மாறிக்கொண்டிருந்தது. அது தன் முகம்தான் என்று புரிந்த அடுத்த நொடி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அதுவரை எஞ்சினை யாரும் தொடவே இல்லை.

"பாத்தீங்களா மாமா," என்றான் மைத்துனன் வெற்றியோடு, "எஞ்சின் மேல ஒரு தப்பும் இல்ல."

லிஃப்ட்காரருக்கு அவனைத் தண்ணீரில் தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவனுக்கும் நீச்சல் தெரியாது. துறை துறையாகப் போகும் கனவு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை என்று சொன்ன சோதனை கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மனைவி உட்கார இடம் தேடினார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது பக்கத்துப் படகுதான். அதில் ஏறி, பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சு விட்டார். இரண்டு மூச்சு நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் கண்ணைத் திறந்தார்.

"இங்க பெட்ரோல் கசியுது."

"சான்ஸே இல்லம்மா," என்றார் தரகர். "போன வாரம்தான் எல்லாம் பாத்தாங்க. எங்க யாரு மூக்குக்கும் எதுவும் எட்டலையே."

"அதான் என் மூக்குக்கு எட்டிருச்சே. இந்தப் பக்கம், கீழ."

மூடியைத் திறந்தார்கள். மனைவி சொன்ன பக்கத்தில், பெட்ரோல் குழாயை இறுக்கியிருந்த கிளிப்புக்குக் கீழே வியர்வைத் துளி போல ஈரம். விரலால் தொட்டுப் பார்த்த தரகர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைப் பற்றி, "இது சரியில்லதான்" என்றார்.

லிஃப்ட்காரர் அங்கிருந்து ஓடத்தான் நினைத்தார். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பச்சை போயிருந்தது. பால் அடிப்பிடிப்பதைக் கண்டுபிடித்த தினங்களில் வருமே, அந்தக் களை வந்திருந்தது.

"உனக்குக் குமட்டலையா?"

"பெட்ரோலுக்கு எதுக்குக் குமட்டணும்? சின்ன வயசுல பங்க்குக்கு முன்னாடி வேணும்னே நின்னுட்டு வருவேன். நல்ல வாசன." மனைவி பலகையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அந்தக் குழாயப் புதுசா மாத்தச் சொல்லுங்க. இதுல வேணும்னா நான் வர்றேன்."

"இது வெடிக்கும்மா."

"நான் இருக்கும்போது எப்படி வெடிக்கும்? நான் மோந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் நீங்க சாவியத் தொடணும்."

"அக்கா, பெட்ரோல் வேணாம்," என்றான் மைத்துனன் கரையிலிருந்து. அவன் அந்தப் படகில் காலே வைக்கவில்லை.

"நீ போய் உன் பஸ்ஸுக்கு லெமன் கட்டுடா."

பாதுகாப்புக்காகவே வாழ்நாளைச் செலவழித்த மனிதர், துறையிலேயே மிக ஆபத்தான படகை, பேரம்கூடப் பேசாமல் வாங்கினார். வாங்கிய அன்றிலிருந்து அவர் இரண்டு விதமாகத் தூங்காமல் இருந்தார்: ஒன்று பயத்தால், மற்றது சந்தோஷத்தால். எது எந்த நேரத்தில் என்று அவருக்கே பிடிபடவில்லை.

புதுக் குழாய் போட்ட பிறகு ஒரு காலையில் புறப்பட்டார்கள். விசிறி ஓடியது. மனைவி மூடியைத் திறந்து, குனிந்து, சாவகாசமாக முகர்ந்தார்.

"என்ன?"

"இருங்க."

"கசியுதா?"

"உங்க சாக்ஸு. தூக்கி எறிங்க." சாக்ஸ் கரைக்குப் பறந்தது. இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, "ம், திருகுங்க" என்றார்.

லிஃப்ட்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திருகினார். திறந்தபோது படகு பூ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வழியெல்லாம் மனைவி, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு வாத்துக்கூட்டம் இவர்களை முந்திக்கொண்டு போனது.

முதல் துறையில் கட்டியதும் மனைவி பையை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினார். எங்கே என்று கேட்க லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி தெரு திரும்பி மறைந்துவிட்டார். லிஃப்ட்காரர் படகின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ் நிலையம் அந்தப் பக்கம்தான் என்று ஒரு பலகை சொன்னது. பஸ்ஸில் ஏற மாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை என்று ஏறிவிட்டால்? சாவியைத் தொட்டால் திட்டு விழும், தொடாவிட்டால் திரும்பிப் போகவும் வழியில்லை. சர்க்கரை டப்பா எங்கே என்றும் தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து, மேலே கரையிலிருந்து ஒரு பை வெங்காயம் இறங்கியது. அதற்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு.

"புடிங்க," என்றது மனைவியின் குரல். "கைய நீட்டுங்க, நான் இறங்கணும். அதுக்கு முன்னாடி அந்த விசிறியப் போடுங்க."